டாக்டரம்மா பதில்கள்: தலையீற்று நாய்க்குத் துணை

மார்கழி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி நாய்க்குட்டிகளைப் பற்றியதாக இருக்கும். நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் நேரத்தில்தான் குட்டி போடுகின்றன. வீட்டு நாய்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, ஆனாலும் கடிதங்கள் சேர்ந்தேதான் வருகின்றன. அதனால் இந்த இதழில் மாடு, ஆடு, பூனைக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டேன்.

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு இரண்டு வயது. முதல் முறையாகச் சினைப்பட்டு ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் அனுபவம் இல்லை. என்ன தயார் செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டுத் தாத்தா இப்போதிருந்தே கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகர், சிவகாசி)

முதலில் அந்த டானிக்கை நிறுத்துங்கள் தம்பி. தாத்தா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியத்தைக் கொட்டினால், எலும்பிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும். குட்டி பிறந்து பால் பெருகும்போது ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கும். மாடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், கன்று போட்ட மாடு பால் காய்ச்சலில் விழுவதைக் கதை கதையாகச் சொல்வார்கள். நாய்க்கும் அதே தொல்லை உண்டு. குட்டி போட்ட முதல் நான்கு வாரங்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மூச்சிளைப்பு, நடுக்கம், கால்கள் விறைத்து மரக்கட்டை மாதிரி நடப்பது, காய்ச்சல், பிறகு வலிப்பு. நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் கண் எதிரே எழுந்து நிற்கும். தாமதித்தால் உயிர் போய்விடும். சிறிய இன நாய்களிடம்தான் இது அதிகம், ஆனால் நிறையக் குட்டி போட்டால் உங்கள் நாயையும் கவனிக்க வேண்டும்.

டானிக்குக்குப் பதில் நல்ல சாப்பாடு கொடுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வயிற்றில் குட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். வெறும் தயிர்ச்சாதம் போதாது. முட்டை, கோழிக்கறி, ஈரல் கொஞ்சம் என்று சேர வேண்டும்.

சினைக்காலம் சுமார் 63 நாள். நாலைந்து நாள் முன்பின் ஆகலாம். பத்து நாள் முன்னதாகவே இடத்தைத் தயார் செய்து அங்கே படுக்கப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அது தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும், அது உங்கள் பீரோவின் அடித்தட்டாகவும் இருக்கலாம். நாய் காலை நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவுக்குப் பலகைப் பெட்டி போதும். பெட்டியின் உள்பக்கம் சுற்றிலும் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் ஒரு கட்டையோ குழாயோ வைத்து ஆணி அடிக்கச் சொல்லுங்கள். தாய் சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டிக்கொள்ளும் குட்டி நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்பிக்கும். ராஜபாளையம் மாதிரி பெரிய நாய்க்கு, அதுவும் தலையீற்றுக்கு, இது அவசியம். விரிப்புக்குப் பழைய வேட்டி நல்லது. நூல் பிரிந்த சேலை, சுருள் சுருளான டர்க்கி டவல் வேண்டாம், குட்டியின் காலில் நூல் சுற்றி ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

எறும்பைப் பற்றி எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள். நம் ஊரில் எறும்பு மொய்த்துச் செத்த குட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு நாலு கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு சாக்பீஸும் பூச்சி மருந்தும் அந்தப் பக்கமே வேண்டாம்.

கடைசி வாரம் காலை, மாலை ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். அன்றைக்குச் சாப்பிடாது, மூச்சு இளைக்கும், வேட்டியைக் கிழிக்கும், எழுந்து எழுந்து படுக்கும். தலையீற்றில் இந்தக் கட்டம் ஒரு நாள் வரைகூட நீளும். நாய்க்கு மிகவும் பிடித்த ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் போய்த் தூங்கலாம். செல்போன் விளக்கைப் போட்டு வீடியோ எடுப்பது கட்டாயம் கூடாது.

முதல் குட்டி விழுந்ததும் சில தலையீற்று நாய்கள் பின்னால் திரும்பி, இது என்ன என்பது போல முழிக்கும். பல நாய்கள் அடுத்த நொடியே நக்க ஆரம்பித்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் பனிக்குடச் சவ்வைக் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் விரலால் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, துண்டால் முதுகைப் பரபரவென்று தேயுங்கள். கத்தும் வரை தேய்க்கலாம். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றி உதறும் பழைய முறையை விட்டுவிடுங்கள், மூளையில் அடிபடும். தாய் தொப்புள்கொடியைக் கடிக்கவில்லை என்றால், கொதிக்க வைத்த நூலால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கட்டி, கட்டுக்கு வெளியே நறுக்கி, நுனியில் பீட்டாடின் தொட்டு வையுங்கள். உடனே தாயின் மடியில் விடுங்கள். சீம்பால் முதல் அரை நாளில் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிறகு அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் சரியாக உறிஞ்சாது.

பின்னங்கால் முதலில் வந்தால் பயப்படாதீர்கள், நாய்களில் அது சகஜம். குட்டியோடு வெளியே வரும் நஞ்சுக்கொடியைத் தாய் தின்றாலும் தடுக்க வேண்டாம். இரண்டு மூன்று தின்றால் போதும், எல்லாவற்றையும் தின்றால் மறுநாள் வயிற்றால் போகும். ஆனால் எத்தனை குட்டி, எத்தனை நஞ்சுக்கொடி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம்: அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை. உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரமாக அடுத்தது வரவில்லை. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது. மூன்றாவதுதான் மிகவும் அவசரம், நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் இரவில் வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். சிசேரியன் ஆனாலும் ஆகலாம், அதற்கு எங்கே போக வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் நாட்டு நாய் முதல் முறை ஆறு குட்டி போட்டு மூன்று நாள் ஆகிறது. குட்டிகள் பால் குடிக்க வந்தால் எழுந்து போய்விடுகிறது. ஒன்று மட்டும் மிகச் சிறியது, சில்லென்று இருக்கிறது. என் மாமியார் பாலாடையில் பசும்பால் புகட்டுகிறார். சரியா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

உங்களுக்குத் தொலைபேசியில் அன்றே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உடம்பு குளிர்ந்தால் குடல் அசையாது, கொடுத்த பால் உள்ளேயே கெடும். முதலில் சூடு. ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வதைவிட நல்ல வழி கிடையாது, ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற வேண்டும். பிறகு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துவிடும். முதல் வாரம் குட்டிகள் படுக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. திருநெல்வேலியில் சித்திரை மாதம் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை, மின்விசிறியைத்தான் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பேன்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாலாடை மனிதக் குழந்தைக்குச் சரி, தலையைச் சற்று உயர்த்தி மல்லாக்கப் பிடித்துப் புகட்டலாம். நாய்க்குட்டியை அப்படிப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குட்டி எப்போதும் குப்புறப் படுத்துத்தான் குடிக்க வேண்டும், தாயிடம் குடிக்கும்போது எப்படி இருக்கிறதோ அப்படி. பசும்பாலும் பொருந்தாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, பால் சர்க்கரையோ குறைவு. பசும்பாலில் வயிறு போய், சத்தும் சேராமல், இரண்டு நாளில் குட்டி துவண்டுவிடும். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் தாய்ப்பால் போதாத குட்டிக்கு மட்டும்.

இப்போது தாய் விஷயம். எழுந்து போகிற நாயை உடனே 'பாசம் இல்லாதது' என்று திட்டாதீர்கள். மடியைத் தொட்டுப் பாருங்கள். பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தால் குட்டி வாய் வைக்கும்போது வலிக்கும். வெதுவெதுப்பான துணியால் ஒத்தி, கையால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். ஒரு காம்பு மட்டும் சிவந்து கொதித்தாலோ, பாலின் நிறம் மாறியிருந்தாலோ, தாய்க்கு 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ மடிநோய், மருத்துவரிடம் போங்கள். அப்புறம் குட்டிகளின் நகத்தைப் பாருங்கள். மூன்றாம் நாளே ஊசி போல இருக்கும், நுனியை மட்டும் நறுக்குங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் பயம்தான் காரணம், அந்தப் பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தெருவே திரண்டு வந்து குட்டி பார்த்தது. ஆளுக்கொரு குட்டியைத் தூக்கி, ஆணா பெண்ணா என்று ஆராய்ச்சி. மறுநாள் காலையில் பெட்டி காலி. தாய் இரவோடு இரவாக ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு போய்க் கிணற்றடித் துவைகல்லுக்குப் பின்னால் ஈரத்தில் வைத்திருந்தது. இன்னும் பயந்த நாய் குட்டியைக் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு. எனவே முதல் இரண்டு வாரம் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை, சொந்த நாத்தனாராக இருந்தாலும் சரி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாயைப் படுக்கவைத்து, தலைப்பக்கம் நீங்கள் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொடுங்கள். குட்டிகளைப் பின்காம்புகளில் விடுங்கள், அங்கேதான் பால் அதிகம். சிறிய குட்டிக்கு முதலிடம், தடியன்களை ஐந்து நிமிடம் பிடித்து வையுங்கள். குட்டி சப்பச் சப்ப ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், பாலை இறக்குவதும் தாயைச் சாந்தப்படுத்துவதும் அதுதான். ஓரிரு நாளில் பெரும்பாலான நாய்கள் தாமாகவே படுத்துக் கொடுக்கும். உறுமிக் கடிக்கப் போனால் வாய்க்கட்டு போட்டுப் பால் குடிக்கவையுங்கள், நீங்கள் இல்லாதபோது குட்டிகளைத் தனியே வையுங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசு உங்கள் வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல டாக்டர் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதுங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம், பிறகு தினமும் ஏறியாக வேண்டும். 400 கிராமில் பிறந்த குட்டி நாளுக்கு 20 முதல் 40 கிராம் கூட வேண்டும், நன்றாகக் குடிக்கும் குட்டி பத்து நாளில் இரட்டிப்பாகும். எடை நின்ற குட்டிக்கு அன்றே உதவி தேவை. கண்ணால் பார்த்தால் மறுநாள்தான் தெரியும், அதற்குள் நேரம் போய்விடும். தாய் நக்காத குட்டிக்கு மூத்திரமும் மலமும் தானாக வராது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் அடிவயிற்றையும் ஆசனவாயையும் தடவிவிடுங்கள்.

தாய்க்குப் பிறப்புறுப்பில் சில வாரம் கறுப்பும் பழுப்புமாகக் கசிவு இருக்கும். நாற்றம் இல்லாதவரை கவலை வேண்டாம்.

பிறந்து ஒன்பது நாள், ஒரு குட்டிகூடக் கண் திறக்கவில்லை. மேலும் ராஜபாளையம் வெள்ளைக் குட்டிகளுக்குக் காது கேட்காது என்கிறார்களே? (ஒரு வாசகர், தென்காசி)

கண் 10 முதல் 14 நாளுக்குள் திறக்கும். விரலால் பிரிக்காதீர்கள். இமைக்குள் வீங்கிச் சீழ் தெரிந்தால் மட்டும் மருத்துவர். காது அதற்குப் பிறகுதான் திறக்கும், அதனால் இப்போது கைதட்டிப் பார்த்துப் பயனில்லை. எல்லா வெள்ளைக் குட்டியும் செவிடு அல்ல. ஆனால் நிறமிச் செல்கள் உட்காதிலும் இல்லாமல் போகும் குட்டிகளுக்குக் கேட்காது, இந்த இனத்தில் அது உண்மையான பிரச்சினை. ஐந்தாவது வாரத்தில், குட்டி தூங்கும்போது, தரை அதிராமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கேட்காத குட்டியை வீட்டுக்குள் வளர்க்கலாம். இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. இதை மறைத்து விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் தெருநாய் குட்டி போட்டிருக்கிறது. முதல் ஈற்று போலிருக்கிறது. பக்கத்தில் போனால் சீறுகிறது. பாலும் ரஸ்க்கும் வைக்கிறோம். (ஒரு வாசகி, சென்னை)

ரஸ்க்கை நிறுத்திவிட்டு, காரம் உப்பு இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டும் சோறும், ஒரு முட்டையும் வையுங்கள். வெந்த எலும்பு வேண்டாம். பால் கொடுக்கும் நாய் மூன்றாவது நான்காவது வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டாம். செங்கல் அடுக்கி அதன்மேல் பலகையும் சாக்கும் போட்டு, சாரல் வரும் பக்கம் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும், அதையும் தாய் இரைதேடிப் போன நேரத்தில் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் தாயைக் காணவில்லை என்றதும் அநாதைக் குட்டிகள் என்று அள்ளிக்கொண்டு போகும் நல்லவர்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள்.

குழந்தைகளை விலக்கி வையுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். 'குட்டிக்காரி, பயத்தில் கடித்தது' என்பதெல்லாம் ரேபிஸுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரத்தில் குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து தொடங்க வேண்டும், பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. தாயின் வயிற்றிலிருக்கும்போதே புழு வந்துவிடுகிறது. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். பால் வற்றியதும் தாயை மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிக் கருத்தடை செய்யுங்கள், அறுவை முடிந்து அதே தெருவில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் விதி. அதற்கு முன்பே உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேசி, தினமும் சாப்பாடு வைப்பது யார், எந்த இடத்தில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.