நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சமா? லாரிக்கார அண்ணாச்சி பதில்கள்

செங்கோட்டையில் இருந்து மலை தாண்டிக் கேரளத்துப் புனலூர் போகும் தடத்தில் 28 வருடம் லாரி ஓட்டியவன் நான். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கடையநல்லூர்: அண்ணாச்சி, கோட்டைவாசலில் இருந்து புளியரைக்கு நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்கிறார் எங்கள் டிரைவர். சரியா?

மிச்சமே கிடையாது தம்பி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்கே டீசல் குடிக்கும்.

நானும் இளவட்டத்தில் ஒருதடவை தடி லோடோடு அப்படி உருட்டினேன். எஸ் வளைவுக்கு வருவதற்குள் பிரேக்கை ஏழெட்டு முறை மிதித்துவிட்டேன். பிரேக்குக்கான காற்றைக் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது, கம்ப்ரஸர் ஐட்லிங்கில் எவ்வளவுதான் அடைக்கும்? பின் டிரம்மில் இருந்து லைனர் கருகும் வாடை. மிதித்தால் மிதி போகிறது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கம் ஓடையில் ஏற்றித்தான் நிறுத்தினேன். எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு, புகைபோகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள். அது இன்ஜினைக் கெடுக்கும் என்பதும் வெறும் பேச்சுதான்.

அச்சன்புதூர்: ஏர் பிரேக்கில் காற்று மொத்தமாகப் போனால் வண்டி ஓடிவிடும்தானே?

காற்று போனால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் டிரம் கொதித்துக் கிடந்தால் ஸ்பிரிங்கையும் நம்ப முடியாது. காற்று குறைந்து பஸ்ஸர் கத்தினால் வண்டியை ஓரங்கட்டு. ஏர் டேங்க்கில் சேரும் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிடு, சாரல் சீசனில் கட்டாயம்.

சங்கரன்கோவில்: ஆயில் மாற்றி மூன்றே நாளில் கறுத்துவிட்டது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா?

பாவம், அவரை விடுங்கள். டீசல் இன்ஜினில் புகைக்கரி ஆயிலில் கலக்கும், கறுக்கத்தான் செய்யும். குச்சியை உருவிப் பார்க்கும்போது பால் காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

தென்காசி: உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஆட்ப்ளூ டேங்க்கில் ஊற்றலாமா? அதுவும் யூரியாதானே?

யூரியாதான், ஆனால் வேறு தரம். ஆட்ப்ளூ என்பது வண்டிப் புகையைச் சுத்தமாக்க ஊற்றுவது, 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது, 2015-ல் இருந்தே கட்டாயம். நம் ஊர்த் தண்ணீரில் உப்புக்குச் சொல்லவே வேண்டாம். சைலன்சர் பக்கம் இருக்கும் தெளிப்பானைக் கழற்றினால் கல்லுப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்புறம் இழுவையைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும், லோடோடு மலையில் நிற்பீர்கள். உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெட்டால் செலவு லட்சத்தில் போகும். மானிய யூரியாவை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

ஆரியங்காவு: காலையில் அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

காற்று ஏறும்வரை போதும், பிறகு மெதுவாக எடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியைச் சும்மா ஓடவிட்டால் சைலன்சர் ஃபில்டரில் கரிதான் அடையும். மலை ஏறி நிறுத்தும்போது மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும், டர்போ ஆற வேண்டுமே. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புளியங்குடி: 10 சக்கர வண்டி 5 டன் கூடுதலாகத் தாங்காதா?

அச்சு ஒருவேளை தாங்கும். பிரேக்கை வண்டியும் லோடும் சேர்த்து 28.5 டன்னுக்குக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. உங்கள் 5 டன்னுக்கு 30,000 ஆச்சு. அதிக லோடை இறக்கிவிட்டுத்தான் வண்டியை விடுவார்கள், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான்.

செங்கோட்டையில் இருந்து ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் லாரி வாங்கப் போகிறார். லோன் டியூ, டீசல், டிரைவர் சம்பளம் போக மீதி லாபம்தானே?

10 டயர் எங்கே போச்சு தங்கச்சி? இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்சி என்கிற தகுதிச் சான்று? புது வண்டிக்கு முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அப்புறம் வருடாவருடம். அதற்கு முன்னால் பெயின்ட், வேலை எல்லாம் பார்த்து நிறுத்த வேண்டும். புனலூரில் இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் கிடந்தால் அந்த நாளுக்கும் டியூ ஓடும். போகும்போது டேங்க்கை நம் பக்கமே நிரப்பச் சொல்லுங்கள். கேரளத்தில் 2023-ல் இருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு. வாடகையை உடனே தரும் பார்ட்டி கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் வேறொருவர் வண்டியையே ஓட்டட்டும்.