புது எல்இடி மாட்டியதும் வெளுத்த ஹேமர் பவளம்

கடல்நீர் மீன்தொட்டியில் புது எல்இடி விளக்கு மாட்டியதும் உங்கள் ஹேமர் பவளம் (சுத்தியல் போன்ற நுனியுள்ள உணர்கொம்புகள் கொண்ட உயிர்ப்பவளம்) வெளுத்தது நோயாலா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இல்லை, வெளிச்சம் அதிகம். மேல்பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறது, பாறை நிழல் படும் அடிப்பக்கம் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தடயம். புது எல்இடியின் திடீர் வெளிச்சத்தில் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி தருவதுதான்.

விளக்கை இன்றே பாதியாகக் குறையுங்கள். அப்புறம் வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றினால் போதும். பவளத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

உயிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க, பம்பை நிறுத்திவிட்டு உறைநீங்கிய மைசிஸ் இறால் (தீனியாகப் போடும் இறால் போன்ற சிற்றுயிர்) ஒன்றை மெல்ல அதன் மேல் விடுங்கள். உணர்கொம்புகள் பிடித்து வாய்ப்பக்கம் இழுத்தால் தேறிவிடும்.

தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் (பாசிக்கு உரமாகும் சத்துகள்) பூஜ்யம் என்கிறீர்கள். அது சாதனை இல்லை, அதுவும் வெளுக்கவைக்கும். மீன்களுக்குத் தீனியைச் சற்றுக் கூட்டி, நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) பக்கம் வரட்டும்.

ஆனால் சதை உரிந்து வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தால் கதை வேறு: ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை), உப்பளவு, வெப்பநிலை மூன்றையும் உடனே சோதியுங்கள். பழுப்புக் கூழ் வழிந்தால் அந்தப் பவளத்தைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், மற்ற பவளங்களுக்கும் தொற்றும்.