யாழ்ப்பாணத்தை நடந்தே பார்க்கலாமா?

யாழ் நகரில் பிறந்து, இன்றும் பெரும்பாலும் நடந்தே திரிகிற ஒருவர், அங்கே போகக் கிளம்புகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஆட்டோ இல்லாமல் முடியுமா? (மதுரையிலிருந்து ஒரு ஆசிரியை)

தாராளமாக முடியும். நல்லூர் கோயிலிலிருந்து கோட்டைக்கு மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர்தான், அதுவும் மேடுபள்ளம் இல்லாத சமதரை. விடியவே நல்லூரில் தொடங்கி, பின்னேரம் கோட்டையில் முடியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மதில் மேல் வெயிலில் வாடிப்போகிறார்கள். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. நடுப்பகலை ஒடியற்கூழுக்கும் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) ஓய்வுக்கும் விட்டுவிடுங்கள்.

நல்லூரில் கோயிலைத் தவிர என்ன இருக்கிறது?

இதைத்தான் நிறையச் சொல்ல ஆசை. நல்லூர்தான் பழைய யாழ்ப்பாண அரசின் தலைநகர். அன்றிருந்த கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621-இல் இடித்தார்கள். நாம் இன்று கும்பிடும் கோயில் 1734-இல் வேறிடத்தில் எழுந்தது. பழைய கோயில் முத்திரைச் சந்தியில், இப்போது தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்ததாக ஊரில் சொல்வார்கள். அந்தப் பக்கமாக நடந்தால் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலை, தோரண வாசல், மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் கிட்டக் கிட்ட வரும். வாகனத்தில் போனால் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள். மந்திரிமனையின் மரவேலைப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது நில்லுங்கள்.

அப்புறம், கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குள் போவது அவசியமா? வெளியே நின்று படம் எடுத்தால் போதாதா?

போதாது. 1959-இல் திறந்த கட்டடம் அது. 1981-இல், மே முடிந்து ஜூன் பிறக்கிற இரவில், எரித்தார்கள். 97,000 அளவிலான நூல்கள் போயின, திரும்ப அச்சடிக்கவே முடியாத ஓலைச்சுவடிகளும் சேர்த்து. பிறகு அதே சாயலில் திருப்பிக் கட்டினார்கள். வாசலில் சரஸ்வதி சிலை இருக்கிறது. உள்ளே பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அவர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை மறித்துவிடுவதால் நடப்பவர்களுக்கு அது பொற்காலம், ஆனால் தங்க இடம் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் வருகிறேன். எதை விடலாம்?

நல்லூரிலிருந்து நகரத்துக்கு வரும் நீண்ட நடையை விட்டு, அந்தத் துண்டுக்கு மட்டும் ஓட்டோ பிடியுங்கள். மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம், சுப்பிரமணியம் பூங்கா, கோட்டை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான். இடையில் பூங்காவில் அம்மா உட்காரலாம்.

கோட்டையில் என்ன கவனிக்க வேண்டும்?

மதிலுக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். அது முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கடலுக்குள் வளர்ந்தபோது இருந்த கோடுகளும் துளைகளும் இன்னும் அப்படியே தெரியும். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்து, ஐந்து முனையுடன் பெரிதாக்கினார்கள். பிறகு கோட்டைக்கு அருகே பண்ணை என்கிற கடலோரப் பக்கம் இறங்குங்கள். சூரியன் சாய அரை மணி முன்பே போனால், ஆழமில்லாத கடலில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பார்ப்பதையும் காணலாம். பண்ணைப் பாலத்து வீதியில் வாகனங்கள் வேகமாக வரும். எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக நடவுங்கள்.