திமிர் பிடித்த நாயகன் திருந்துவது எப்படி?

ஃபேன்டஸி நாவல் எழுதும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆளைச் சுற்றியே இருந்தன. ஆணவத்தோடு கிளம்பி, பெரிய தவறு ஒன்றைச் செய்து, பிறகு மெல்லத் திருந்துகிற நாயகன். எனவே இந்த இதழ் முழுக்க அவனுக்கே.

கேள்வி: என் நாயகன் அரண்மனை மந்திரவாதி. மற்றவர்கள் அறுபது வயதில் கற்கும் வித்தையை இருபதில் கற்றவன். அந்தத் திமிரைக் காட்டத்தான் முதல் மூன்று அத்தியாயங்களை எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் மூன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள். திமிரைக் குறைக்கட்டுமா?

பதில்: குறைக்காதீர்கள். இப்போது குறைத்தால் பின்னால் திருந்துவதற்கு அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. அவன் யாரிடம் திமிர் காட்டுகிறான் என்பதைப் பாருங்கள். வந்ததும் வராததுமாக வேலைக்காரப் பையனை அறைந்து, சமையற்காரியைக் கேலி செய்கிறவனை வாசகர் அங்கேயே கைகழுவிவிடுவார். அதே திமிரை மேலே இருப்பவர்கள் பக்கம் திருப்புங்கள். தலைமை மந்திரவாதி பிழையாகச் சொன்ன மந்திரத்தை நிறைந்த சபையில் திருத்துகிறான். அவன் திருத்தியது சரியாகவும் இருக்கிறது. கொழுப்புதான், ஆனால் ரசிக்கலாம். கீழே இருப்பவர்களிடம் அவன் காட்டும் அலட்சியம் அதே காட்சியின் ஓரத்தில், அவனுக்கே தெரியாத பழக்கமாகக் கிடக்கட்டும்.

"அவன் கர்வம் மிகுந்தவன்" என்று கதைசொல்லி நேரடியாகச் சொல்லும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். இப்படி ஒரு செயல் போதும்:

"சபை முடிந்து வெளியே வந்தான். கையை நீட்டினான். கடிவாளம் கைக்கு வந்தது. 'நேற்றைவிட மந்தமாக இருக்கிறதே இந்தக் குதிரை' என்றான். 'இது வேறு குதிரைங்க, ஐயா' என்றது ஒரு குரல். திரும்பிப் பார்க்காமல் ஏறினான்."

கடிவாளம் தானாகக் கைக்கு வருகிறது. பேசுவது ஆள் இல்லை, ஒரு குரல். அவன் கண்ணில் பட்ட அளவுக்குத்தான் வாசகருக்கும் தெரிகிறது. அந்தக் குரலுக்கு எப்போது முகமும் பெயரும் கிடைக்கின்றனவோ, அப்போதுதான் உங்கள் நாயகன் மாறத் தொடங்கியிருக்கிறான் என்று பொருள். எனவே கடிவாளம் பிடித்தவரை அத்தோடு விட்டுவிடாதீர்கள். பின்னால் அடிபடப் போகிறவர் அவராகவே இருக்கட்டும்.

இன்னொன்று. திமிர் எதன் மேல் நிற்கிறது என்று ஒரு வரியில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறப்பா, கல்வியா, பலமா, "நான் நல்லவன்" என்ற நினைப்பா? ஒவ்வொன்றும் வேறு விதமாகத்தான் உடையும். கல்விச் செருக்கை வாள்சண்டையில் தோற்கடித்து உடைக்க முடியாது. தன் கணக்கிலேயே பிழை இருந்ததை அவன் பார்க்க வேண்டும். குலப்பெருமை உடைய, அந்தக் குலத்தின் பெயரையே கேள்விப்படாத ஊரில் அவன் பசியோடு நிற்க வேண்டும். நான்காவதுதான் மிகக் கடினம், எழுதக் கிடைப்பதும் அதில்தான் அதிகம்: தான் செய்த உபகாரத்தாலேயே ஒரு குடும்பம் அழிந்ததை அவன் நேரில் காண வேண்டும். கைப்பிரதிகளில் அடிக்கடி தட்டுப்படும் கோளாறு, திமிர் ஒரு வகையாகவும் வீழ்ச்சி வேறொரு வகையாகவும் இருப்பது. உங்கள் மந்திரவாதிக்குக் கல்விச் செருக்கு. மறந்தும் அவனை மல்யுத்தத்தில் விழவைக்காதீர்கள்.

கேள்வி: நாற்பது அத்தியாயத் தொடர்கதை. வீழ்ச்சியை எங்கே வைப்பது?

பதில்: வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள். உள்ளே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. அவன் தன் சக்தியையோ பதவியையோ இழப்பது ஒன்று. தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால், அடி வாங்கியதால் அடங்கினான் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அடங்குவது வேறு, திருந்துவது வேறு.

நாற்பதில் இழப்பு பத்து அல்லது பன்னிரண்டில் வரட்டும். ஒப்புக்கொள்வது இருபத்திரண்டுக்கு முன் வேண்டாம். இடைப்பட்ட பத்து அத்தியாயங்களில் அவன் என்ன செய்வான்? சாக்குச் சொல்வான். அந்தச் சாக்குகளைப் படிப்படியாக இறக்குங்கள். முதலில் "எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள்." சில அத்தியாயம் கழித்து "நேரம் சரியில்லை." பிறகு "என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்." கடைசியில்தான் "நான் செய்தேன்." ஒவ்வொரு சாக்கையும் அவன் கைவிட, அதைப் பொய்யாக்கும் சம்பவம் ஒன்று வேண்டும். சும்மா நாள் கடந்ததால் மனம் மாறினான் என்று எழுதினால் அந்தப் படி ஆடும்.

இருபத்தெட்டு முப்பது வாக்கில் பழைய புத்தி ஒருமுறை தலைதூக்க வேண்டும். அதைப் பற்றி வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

வாரத் தொடர் என்பதால் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பத்தாம் அத்தியாயத்தில் அடிபட்டவரின் பெயர் பதினைந்தாம் வாரத்தில் வாசகர் நினைவில் இருக்காது. மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பெயர் யார் வாயிலாவது வந்துகொண்டே இருக்கட்டும்.

கேள்வி: குருவின் உபதேசத்தால் நாயகன் மனம் மாறுகிறான். நான்கு பக்க உரையாடல். பிரசங்கம் போல இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பிரசங்கம்தான். எடுத்துவிடுங்கள். ஆணவக்காரன் என்றாலே பிறர் சொல் காதில் ஏறாதவன். அவனைப் போய்ப் பேச்சால் மாற்றினால் நீங்கள் படைத்த குணம் பொய்யாகிவிடும். அவனால் மறுக்க முடியாத சான்று ஒன்று கண்ணெதிரே வர வேண்டும்.

பாண்டியன் சபையில் கண்ணகி நீதி நூல் எதையும் ஓதவில்லை. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொன்னான். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. தீர்ப்புக்கான அளவுகோலை அரசன் தன் வாயாலேயே முன்கூட்டிக் கொடுத்துவிட்டான் என்பதுதான் அங்கே நுட்பம். உங்கள் கதையிலும் அதைச் செய்யலாம். நான்காம் அத்தியாயத்தில் நாயகன் பெருமையாகச் சொல்கிறான்: "என் மந்திரத்தில் எரிந்தது நீலமாகச் சாம்பலாகும். வேறு எந்த நெருப்பிலும் அப்படி ஆகாது." இருபத்திரண்டில், எதிரிகள் கொளுத்தியதாக அவன் நம்பிக்கொண்டிருந்த களஞ்சியத்துக்குள் நுழைந்து குனிந்து ஒரு பிடி அள்ளுகிறான். நீலம். குருவை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: திருந்தியதும் ஆள் சப்பென்று ஆகிவிட்டான். பாதிக்கு மேல் எனக்கே அவனை எழுதப் பிடிக்கவில்லை.

பதில்: திருத்துகிறேன் என்று அவன் குணத்தையே பிடுங்கிவிட்டீர்கள். கூர்மையான நாக்கு இருந்தவன் திருந்திய பிறகும் அதே நாக்கோடுதான் இருப்பான்; அது பாயும் திசைதான் மாறும். அவசரக்காரன் அப்போதும் மற்றவர் பேச்சில் குறுக்கிடுவான். குறுக்கிட்டுவிட்டு, "சொல்லுங்க, நீங்க முடிக்கல" என்பான். அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிர் இருக்கிறது.

அதோடு, ஒரே தடவையில் திருந்தியவன் சலிப்பூட்டுவான். விசுவாமித்திரர் கதையை வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் வரும் வரிசையில் ஒரு எழுத்தாளராக உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அரசனாக இருந்தபோது, தன் படைக்கே விருந்து படைத்த வசிட்டரின் பசுவைப் பறிக்கப் போய்த் தோற்கிறார். தவம் செய்து ராஜரிஷி ஆகிறார். உடனே திரிசங்குவை உடலோடு சொர்க்கத்துக்கு அனுப்புகிறேன் என்று இறங்குகிறார். வெளியே இரக்கம், உள்ளே வசிட்டர் மறுத்ததை முடித்துக்காட்டும் வீம்பு. பிறகு மேனகையிடம் பத்து ஆண்டுகள் போகின்றன. அடுத்து ரம்பை வருகிறாள். இந்தத் தடவை சூழ்ச்சி புரிந்துவிடுகிறது, ஆனால் கோபத்தில் அவளைக் கல்லாகச் சபித்துத் தவத்தை இழக்கிறார். கவனியுங்கள், ஒரு சறுக்கல் மற்றொன்று போல இல்லை. ஒரு ஓட்டையை அடைத்ததும் வேறொன்று திறக்கிறது. உங்கள் நாயகனின் இரண்டாவது சறுக்கல் முதலாவதன் நகலாக இருந்தால், கதை நகரவில்லை என்றுதான் வாசகருக்குத் தோன்றும்.

கடைசிச் சோதனை இன்னும் அருமை. நீண்ட மௌன விரதம் முடிந்து அவர் சாப்பிட உட்காரும் வேளையில், அந்தணர் வேடத்தில் இந்திரன் வந்து அந்தச் சோற்றைக் கேட்கிறான். முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மீண்டும் தவத்தில் அமர்கிறார். விருந்து தரும் பசுவைப் பறிக்க வந்தவர் தன் ஒரு வேளைச் சோற்றை விட்டுக்கொடுக்கிறார். போர் இல்லை, வந்தவன் யார் என்ற அறிவிப்பு இல்லை. நம்மில் பலர் கிளைமாக்ஸில் பறக்கும் நாகத்தைக் கொல்லவைத்துவிட்டு அதையே திருந்தியதற்குச் சாட்சியாகக் காட்டுகிறோம். ஆனால் நாகத்தைப் பழைய திமிர்க்காரனும் கொன்றிருப்பானே! பழைய ஆளால் முடியாத செயல் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது சின்னதாகத்தான் இருக்கும்.

கேள்வி: நாயகனின் மந்திரத்தால் ஒரு கிராமமே எரிந்துபோகிறது. இவ்வளவு பெரிய பாவத்துக்கு மன்னிப்பு உண்டா? கடைசிப் போரில் அவன் உயிர்த்தியாகம் செய்வதாக முடிக்க நினைக்கிறேன்.

பதில்: வாசகர் மனம் விசித்திரமானது. முந்நூறு வீடு எரிந்ததை ஒரே பத்தியில் கடந்துவிடுவார். ஒரு கிழவியின் கைத்தடியை அவன் எட்டி உதைத்ததை மறக்கமாட்டார். ஆகவே கிராமத்தை எண்ணிக்கையாக விடாதீர்கள். உயிர் பிழைத்த ஒருவர் வேண்டும். பெயர், தொழில், எரிந்த வீட்டில் அவர் தேடி எடுத்த ஒரு பொருள் என்று அவரைக் கதைக்குள் நிறுத்துங்கள். நாயகன் பழியை ஏற்பது அவர் முன்னால் நடக்கட்டும். "என்னால் எரிந்தது" என்று தொடங்கி அங்கேயே நிறுத்த வேண்டும். "ஆனால் நான் தெரியாமல்" என்று தொடர்ந்தால் சாக்குப் படியில் மறுபடி ஏறிவிட்டான்.

மன்னிப்பதா வேண்டாமா என்பது பிழைத்தவரின் உரிமை. மன்னிக்காமலே போகலாம், அப்போதும் நாயகன் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தால் அவன் மாற்றத்தில் வாசகருக்குச் சந்தேகம் வராது. பிரமன் வந்து பிரம்மரிஷி என்று சொன்ன பிறகும் விசுவாமித்திரர் அந்தச் சொல் வசிட்டர் வாயிலிருந்து வர வேண்டும் என்று கேட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ராஜகுமாரியோ குருவோ மன்னித்தால் கணக்குத் தீராது. பிழைத்தவரைக் கதையின் வசதிக்காக இடையில் சாகடிப்பது படுமோசம்.

உயிர்த்தியாகம் எனக்கு உடன்பாடில்லை. செத்தவன் கிணறு தோண்ட வேண்டாம், கூரை வேய வேண்டாம், அந்த ஊர்க்காரர்களின் முகத்தில் தினமும் விழிக்கவும் வேண்டாம். பாண்டியன் உயிர்விட்டது பொருந்தியது என்றால், அவன் தீர்ப்பளித்த அரசன், அது அவலக் கதை. உங்களுடையது ஒருவன் திருந்தும் கதை. பத்து அத்தியாயம் அவனை அந்தக் கிராமத்தில் வேலை வாங்குங்கள். முதல் கூரை அவனுக்குச் சரியாக வரக்கூடாது. முதல் மழையில் ஒழுகட்டும். மறுபடி பிரித்து வேயட்டும்.

கேள்வி: இழந்த மந்திர சக்தி முடிவில் திரும்பக் கிடைக்கலாமா?

பதில்: திருந்தியதற்குக் கூலி போலக் கிடைத்தால் முழு மாற்றமும் வியாபாரமாகிவிடும். நான்கில் மூன்று பங்கு கதை முடிந்த இடத்திலேயே, அவன் இன்னும் முழுதாகத் திருந்தாத நிலையில் திருப்பிக் கொடுங்கள். கையில் சக்தி இருந்தும் கூரையைக் கையாலேயே வேய்கிறானா, ஒரே சொடுக்கில் முடித்துவிட்டுப் பாராட்டுக்காகத் திரும்பிப் பார்க்கிறானா என்று காட்ட ஒரு காட்சி இனாமாகக் கிடைக்கும்.

கேள்வி: இவன்தான் உலகைக் காப்பான் என்று பிறக்கும்போதே அசரீரி சொல்லிவிட்டது. அதனால் வந்த திமிர். சரியா?

பதில்: சரி. ஆனால் அசரீரி பலித்தால் அவன் திமிர் நியாயமாகிவிடும். அசரீரி சொன்னது வேறு யாரையோ என்று வையுங்கள்.

கேள்வி: டிராஃப்ட் முடிந்துவிட்டது. மாற்றம் உண்மையாகவே எழுத்தில் வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதல் ஐந்து அத்தியாயங்களையும் கடைசி ஐந்தையும் அச்செடுங்கள். நாயகன் பேசும் வரிகளை மட்டும் பாருங்கள். கட்டளைகளைச் சிவப்பிலும் கேள்விகளைப் பச்சையிலும் கோடிடுங்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் இடங்களுக்கு வட்டம் போடுங்கள். பிறரைக் குத்துவதற்காகக் கேட்கும் கேள்வியைச் சிவப்பில் சேருங்கள். பதில் தெரியாமல் கேட்டால் மட்டுமே பச்சை. தொடக்கத்தில் சிவப்பு நிறைந்தும், முடிவில் பச்சையும் வட்டங்களும் கூடியும் இருக்க வேண்டும். இரண்டு கட்டும் ஒரே நிறத்தில் இருந்தால், கதைசொல்லிதான் அவன் திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவன் வாய் இன்னும் திருந்தவில்லை.

நிறம் மாறியிருந்தாலும் அவசரப்படாதீர்கள். நடு அத்தியாயங்களையும் இதேபோல் கோடிட்டு, முதல் பச்சை எங்கே வருகிறது, யாரிடம் கேட்கிறான் என்று தேடுங்கள். ராஜாவிடமோ குருவிடமோ கேட்டிருந்தால் அந்தக் காட்சியை மாற்றி எழுதுங்கள். கடிவாளம் பிடித்தவரிடம் கேட்கட்டும்.