நல்ல பாட்டு யார் பாடினாலும் விற்கும் என்றால், லாவர்ன் பேக்கருக்கு ஏன் அந்த நிலை?

கேள்வி: இசையில் நிறத்துக்கு என்ன வேலை? 1950களில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பாடல்களை வெள்ளையர்கள் பாடி அதிகம் விற்றார்கள் என்றால், ரசிகர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது என்றுதானே பொருள்?

பதில்:

இல்லை. ஒருவருக்கு ஒன்று பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல, முதலில் அது அவர் காதில் விழ வேண்டும். அன்றைய விற்பனைக் கணக்கை ரசனையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஒரே ஒரு பாடலின் கதை போதும்.

லாவர்ன் பேக்கர் என்ற கறுப்பினப் பாடகி 1954 அக்டோபரில் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக 'ட்வீடில் டீ' என்ற பாடலைப் பதிவு செய்தார். எழுதிய வின்ஃபீல்ட் ஸ்காட்டும் கறுப்பினத்தவர். இசைத்தட்டின் விற்பனை சூடு பிடிக்கத் தொடங்கியதுமே, மெர்க்குரி என்ற பெரிய நிறுவனம் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகியை வைத்து அதே பாடலை வெளியிட்டது. பாடல்களின் வெற்றியை வரிசைப்படுத்தும் பொதுப் பட்டியலில் பேக்கர் 14ஆம் இடத்தோடு நின்றுபோனார். கிப்ஸ் 2ஆம் இடம் வரை ஏறினார்.

இணையத்தில் இரண்டு பதிவுகளும் கிடைக்கின்றன. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. பாடல் ஒன்றுதான் என்பதால் மெட்டு ஒன்றாக இருப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த லத்தீன் அமெரிக்கச் சாயல் கொண்ட தாளம், வரிகளுக்கு நடுவே பின்பாட்டுக் குரல்கள் விட்டெறியும் அர்த்தமில்லாத சொற்கள் என்று இசைக்கோர்வையும் அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. பேக்கரின் குரலில் இருக்கும் அந்தக் கரகரப்பும் துள்ளலும் மட்டும்தான் வரவில்லை. அட்லாண்டிக்கின் ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் டவுட் பின்னாளில் சொன்னது இன்னும் மோசம்: அதே வாத்தியக்காரர்களைப் பேசி முடித்துவிட்டு, பொறியாளராகத் தன்னையும் மெர்க்குரி கேட்டதாம்.

இது திருட்டு என்று நமக்குப் படுகிறது. சட்டத்துக்குப் படவில்லை. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் ஒருமுறை பதிவாகிவிட்டால், பாடலின் உரிமையாளருக்குத் தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதலில் பாடியவருக்கு அதில் ஒரு சல்லிக் காசும் கிடையாது. இசைக்கோர்வையாவது சொத்தாகுமா என்று கேட்டு, கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய சுப்ரீம் என்ற சிறு நிறுவனம் டெக்கா என்ற பெரிய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. சுப்ரீமுக்காகக் கறுப்பினப் பாடகி பாலா வாட்சன் பாடிய பாடலை வெள்ளையினப் பாடகி ஈவ்லின் நைட் பாட, டெக்கா பெருவெற்றி கண்டிருந்தது. 1950இல் தீர்ப்பு டெக்காவின் பக்கம் போயிற்று. அதன்பின் பெரிய நிறுவனங்களுக்குத் தயக்கம் எதற்கு?

அடுத்து, அந்தப் பட்டியல்கள். பில்போர்டு இதழ் 1942இல் கறுப்பினத்தவர் வாங்கும் இசைக்கென்று 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்ற தனிப் பட்டியலைத் தொடங்கியது. 1945இல் அதற்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர். 1949இல்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. பெயர் மாறினாலும் வேலி அப்படியே இருந்தது. வெள்ளையருக்கான வானொலிகள் பலவும் அந்தப் பட்டியலில் இருப்பதைத் தொடவே மாட்டா. மெர்க்குரியின் தட்டு போய்ச் சேர்ந்த கடைகள் எல்லாவற்றிலும் அட்லாண்டிக்கின் தட்டை வைக்க அந்தச் சிறு நிறுவனத்துக்கு வலுவும் இல்லை. ஒரு வெள்ளையினச் சிறுமி கிப்ஸின் தட்டை வாங்கினாள் என்றால், பேக்கரைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினாள் என்று பொருளல்ல.

கேட்க வாய்ப்புக் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1955 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூஐஎன்எஸ் வானொலி, அச்சு அசலாக நகலெடுத்த பதிவுகளை ஒலிபரப்புவதில்லை என்று அறிவித்தது. அங்கே நிகழ்ச்சி நடத்திவந்த ஆலன் ஃப்ரீட் அசல் பதிவுகளைத்தான் போட்டார். வேறு ஊர்களிலும் இளைஞர்கள் இரவு நேர வானொலிகளைத் தேடிப் பிடித்துக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1956இல் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'லாங் டால் சாலி'யை வெள்ளையினப் பாடகர் பாட் பூன் பாடி வெளியிட்டார். இம்முறை அசல் 6ஆம் இடத்துக்குப் போனது, பூன் 8ஆம் இடத்தில் நின்றார். பூனின் நாக்கு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கூடாது என்றே ரிச்சர்டும் குழுவினரும் பாடலை வேகப்படுத்தினார்களாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் குளிரும்.

'பாடலாசிரியருக்குப் பணம் போயிற்றே' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். தன் பாடலைப் பூன் பாடியதால் கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவுக்கு நல்ல வருமானம் வந்தது. அவர் தன் பாடல்கள் பலவற்றை எழுதுவதிலும் பங்கு கொண்டவர். ஆனால் பேக்கரைப்போலப் பாட மட்டுமே செய்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. கறுப்பினப் பாடகி ரூத் பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அட்லாண்டிக்கைத் தூக்கி நிறுத்தியவர். 'ரூத் கட்டிய வீடு' என்றே அந்த நிறுவனத்தைச் சொல்வார்கள். அவரே 1960களில் வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். பதிவுச் செலவையெல்லாம் பாடகர் கணக்கில் பற்று எழுதிக்கொண்டே போனதால், ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகருக்கு வரவேண்டிய பங்கு, பக்கம் எப்போதும் கடன்தான் மிஞ்சும். வழக்கறிஞர் ஹவல் பெகலின் துணையோடு ஆண்டுக்கணக்கில் போராடி, 1988இல்தான் அந்தக் கடனைத் தள்ளவைத்து 20,000 டாலர் வாங்கினார்.

எண்ணும் முறை மாறினால் வெற்றியாளர்களும் மாறுவார்கள் என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 1991 மே வரை பில்போர்டு கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் ஆல்பம் பட்டியலைத் தயாரித்தது. அவர்கள் சொன்னதுதான் கணக்கு. பார்கோடு மூலம் உண்மை விற்பனையை எண்ணத் தொடங்கிய அடுத்த மாதமே, கறுப்பினத்தவரின் ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது.

லாவர்ன் பேக்கர் சும்மா இருந்துவிடவில்லை. 1955இல், மிச்சிகனிலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பினத்தவரான சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். மற்றவர் பாடுவதை அவர் எதிர்க்கவில்லை. தன் இசைக்கோர்வையை அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொள்வதைத்தான் தடுக்கச் சொன்னார். அதில் தனக்கு 15,000 டாலர் வரை இழப்பு என்றும் கணக்குச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 1976இல் வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவோ, ஒரு பதிவைப் போலவே ஒலிக்கும்படி இன்னொன்றைத் தனியாகப் பதிவு செய்வது உரிமை மீறலாகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஏஎம், எஃப்எம் வானொலிகள் ஒரு பாட்டைப் போட்டால், பாடியவருக்கு இன்றும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.