சாம்பலை முதலில் யார் சலிப்பது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிரேசில் அருங்காட்சியகம் எரிந்து மிஞ்சிய சாம்பலில் ஓவியர் விக் முனிஸ் செய்த படங்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். என் மனசு ஒப்பவில்லை. இழவு வீட்டு வாசலில் கடை விரிப்பது போல இருக்கிறது. அழிந்ததை அப்படியே விட்டுவிடுவதுதானே மரியாதை? அங்கே கலைஞனுக்கு என்ன வேலை?

க.

அன்புள்ள க.,

அந்தப் படங்களைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் உங்களைப் போலத்தான் கோபம் வந்தது. எந்த வரிசையில் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகே அது தணிந்தது.

ரியோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது 2018 செப்டம்பர் 2 இரவு. அது தொடங்கி அப்போது 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. உள்ளே இருந்தவை ஏறக்குறைய 2 கோடிப் பொருட்கள். தீ அடங்கியதும் இடிபாட்டுக்குள் தேடியவர்கள் ஆய்வாளர்கள்தான், கலைஞர்கள் அல்ல. அள்ளி அள்ளிச் சலித்தார்கள். 11,000 ஆண்டுகளுக்கும் பழைய ‘லூசியா’ என்ற பெண்ணின் மண்டையோட்டில் பெரும்பகுதி அக்டோபரிலேயே துண்டுகளாகக் கிடைத்துவிட்டது. அருங்காட்சியகத்தாரின் துணையோடு முனிஸ் வாங்கிக்கொண்டது சாம்பலைத்தான். எரிந்துபோன பொருளின் உருவத்தை அந்தச் சாம்பலாலேயே வரைந்து புகைப்படம் எடுத்தார். ஒட்டவைக்க முடிந்த எதையும் அவர் தொடவில்லை. இதைக் கடை விரிப்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே தீயில் பணியாற்றிய தீயணைப்பு வீரர் ஒருவர் இசைக்கருவி செய்யத் தெரிந்தவர். எரிந்த மரங்களைக் கேட்டு வாங்கி, கிதாரும் மாண்டலினும் செய்தார். கனத்த உத்திரம் எரியும்போது மேலே கரி படிந்து, அந்தக் கரியே சூடு உள்ளே இறங்காமல் தடுக்கும். கறுப்பைச் செதுக்கி எடுத்தால் நடுவில் நல்ல மரம் இருக்கும். பல காலம் கூரையைத் தாங்கிக் காய்ந்து இறுகிய மரம். அது இன்று நாதம் எழுப்புகிறது. குப்பையோடு போயிருக்க வேண்டியது அது. நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்படியே விட்டுவிடலாமே என்கிறீர்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஒரு பெரிய அமைப்பை நிறுத்தினார். மிங், சிங் அரச வம்சங்களின் காலத்து வீடுகளை இடித்தபோது மிஞ்சிய 1001 கதவு ஜன்னல்களால் ஆனது. சில நாளிலேயே புயலில் முறுக்கிக்கொண்டு சரிந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை, சரிந்தபடியே காட்சிக்கு வைத்தார். நீங்கள் கேட்கும் மரியாதையை ஒரு கலைஞரே செய்துகாட்டியது போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் அதே மனிதர் 1995இல் ஹான் காலத்து ஜாடி ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டு உடைத்து, அதைப் படமாக்கினார். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் உடையாமல் வந்தது அது. அதை உடைக்க ஒரு கலைஞன் வேண்டியதில்லை.

சரி, நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும் இடமும் உண்டு. 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்த, ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள். பெரியவர் 55 மீட்டர், சின்னவர் 38 மீட்டர். சரிந்த பாறைத் துண்டுகளை வல்லுநர்கள் பொறுக்கி, கொட்டகை போட்டுக் காத்தார்கள். எந்தத் துண்டு சிலையின் ஆடையில் எந்த மடிப்பிலிருந்து விழுந்தது என்று என்றாவது ஒருவர் பொருத்திப் பார்க்கலாம். பொருத்தவே வேண்டாம் என்று அந்த மண்ணின் மக்கள் முடிவு செய்யலாம். அந்த முடிவு அவர்களுடையது. அதற்கு முன்னால் அதில் ஒரு துண்டைச் செதுக்கித் தருகிறேன் என்று எந்தக் கலைஞன் வந்து நின்றாலும், உங்களோடு சேர்ந்து நானும் வாசலை மறிப்பேன்.