துப்பாக்கியைப் பற்றிய எண்ணம் நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு மாறுகிறது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் எல்லாமே வசதியான நாடுகள்தானே, துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி எதிரும் புதிருமாக இருக்கின்றன? அடுத்தது, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோகிறேன், பயப்பட வேண்டுமா? நான் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் ஏழு வருடம் இருந்தேன். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவன். அதை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். 1992 அக்டோபரில், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்தது. ஜப்பானின் நகோயாவிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயதுப் பையன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனான். வீட்டு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறிப்போக, வேறொரு வீட்டின் மணியை அடித்துவிட்டார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்த வீட்டுக்கார அம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, துப்பாக்கியை எடுங்கள் என்று கணவரிடம் சொன்னார். அவர் கைத்துப்பாக்கியோடு வந்து ‘ஃப்ரீஸ்’ என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். ஆங்கிலம் இன்னும் முழுதாகப் பிடிபடாத அந்தப் பையன், விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான். நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்துபோனான்.

அடுத்த வருடம் ஜூரி சில மணி நேரம் பேசி, சுட்டவர் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு பையனின் பெற்றோர் தொடுத்த சிவில் வழக்கில், சுடுவதற்கு எந்த நியாயமும் இருக்கவில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இதற்கிடையில் அந்தப் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகள் திரட்டி, அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்று 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனிடமே நேரில் கேட்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரே வருடத்தில் இவ்வளவையும் செய்த அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கான பதில் அந்த வாசலிலேயே இருக்கிறது. மணி அடித்தவனுக்குக் கதவைத் திறக்கும்போது கையில் எதற்குத் துப்பாக்கி என்று ஜப்பான் முழுக்கக் கேட்டார்கள். நில் என்று சொல்லியும் நிற்காமல் ஓர் அந்நியன் வீட்டை நோக்கி வந்தால் வேறென்னதான் செய்ய முடியும் என்று பேட்டன் ரூஜில் பலர் கேட்டார்கள். வாசலில் நிற்கிற தெரியாத ஆளை முதலில் யாராக நினைப்பது என்பதிலேயே இரண்டு ஊரும் பிரிந்துவிட்டன.

துப்பாக்கிகளின் எண்ணிக்கைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பெரிய காரணம்தான், மறுக்க முடியாது. 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருந்தன. 100 பேருக்கு 120. ஜப்பானில் 100 பேருக்கு ஒன்றுகூட இல்லை. திருட்டு, அடிதடி போன்ற குற்றங்களில் அமெரிக்கா மற்ற பணக்கார நாடுகளைவிட அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் மற்ற இடங்களில் மூக்கு உடைவதோடு முடிகிற சண்டை, அமெரிக்காவில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பிணத்தில் முடிகிறது.

ஆனாலும் எண்ணிக்கை மட்டுமே விளக்கிவிடாது. ஐஸ்லாந்தில் 100 பேருக்கு 30-க்கு மேல் துப்பாக்கிகள் இருக்கின்றன, பெரும்பாலும் வேட்டைக்காரர்களிடம். அங்கே ரோந்து போலீஸ்காரர்கள் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. 2013 டிசம்பரில் ரெய்க்யவிக் நகரில், தன் வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ் சுட வேண்டியதாயிற்று, அவர் இறந்துபோனார். ஐஸ்லாந்து 1944-இல் குடியரசானதிலிருந்து போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தது அதுதான் முதல் முறை. அவருடைய குடும்பத்துக்குப் போலீஸ் வருத்தம் தெரிவித்தது. இத்தனைக்கும் முதலில் சுட்டது அவர்தான்!

சுவிட்சர்லாந்தும் அப்படித்தான். கட்டாய ராணுவப் பயிற்சி முடித்தவர்கள் ரைஃபிளை வீட்டிலேயே வைத்திருப்பது அங்கே வழக்கம். சூரிச்சில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கிறது, ஊரே கூடும் திருவிழா அது. ஆனால் ராணுவம் கொடுத்த தோட்டாக்களை வீட்டில் வைத்திருப்பதைப் பல வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் நடக்க அனுமதி கிடைப்பது மிக மிக அரிது. அந்த ரைஃபிளை வைத்திருப்பவர் மனதில் அது இலக்குப் பலகையைப் பார்க்கிறது, அல்லது என்றாவது வரக்கூடிய எதிரிப் படையைப் பார்க்கிறது. எதிர்வீட்டுக்காரரைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் மாறிப்போனது இதுதான் என்பது என் கருத்து. ஏன் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று 1999-இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது, சுமார் பாதிப் பேர் வேட்டைக்கு என்றார்கள், தற்காப்புக்கு என்றவர்கள் கால்வாசிதான். 2023-இல் 72 சதவீதம் பேர் தற்காப்பை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய தலைமுறை. தாத்தா கொடுத்த வேட்டை ரைஃபிளை ஒருநாள் எடுத்துக் காட்டினார். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு, குழல் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தார். மனிதனுக்கு நேராக இது திரும்பவே கூடாது என்று தாத்தா சொல்லிக் கொடுத்தாராம். அவருடைய மகன் வேட்டைக்கே போனதில்லை. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பிஸ்டல் வைத்திருந்தார். தாத்தா ஊரில் கதவைப் பூட்டாமல் தூங்குவார்கள் என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று தூரத்திலிருந்து பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை, அதற்கு இவர்தான் காரணம்.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1791-இல் சேர்த்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமை என்கிறது. அது தனிமனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் ஒருவருக்குத் துப்பாக்கி ஏன் கூடாது என்று அரசுதான் காரணம் காட்ட வேண்டும். ஜப்பானின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று தொடங்கி, அப்புறம் விதிவிலக்குகளைச் சொல்கிறது. வேட்டைத் துப்பாக்கிக்கு வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவர் சான்று எல்லாம் வேண்டும். குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் போலீஸ் விசாரிக்கும். கிடைத்த பிறகும் துப்பாக்கியும் தோட்டாவும் வேறு வேறு இடத்தில் பூட்டியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை போலீஸிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கைத்துப்பாக்கி பொதுமக்களுக்கு ஏறக்குறையக் கிடையவே கிடையாது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றவர்கூட, இரும்புக் குழாய்களை ஒட்டித் தானே செய்த துப்பாக்கியால்தான் சுட்டார்.

இந்த வித்தியாசத்தை நான் உடம்பால் உணர்ந்தது ஓர் இரவில். அமெரிக்காவில் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் என் காரை நிறுத்தியது. வண்டிக் காகிதங்களைத் தயாராக எடுத்து வைப்போமே என்று குனிந்து முன்பெட்டியைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே அந்த அதிகாரியின் குரல் சட்டென்று மாறியது. “கையை ஸ்டியரிங் மேல் வையுங்கள்!” நிமிர்ந்து பார்த்தால், அவர் கை இடுப்புத் துப்பாக்கியின் பிடியில் இருந்தது. என்னைவிடச் சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். அந்தக் கை லேசாக நடுங்கியது. அவரும் பயந்திருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரிடம் வேண்டுமானாலும் துப்பாக்கி இருக்கலாம் என்ற ஊரில், குனிகிற ஒவ்வொரு ஆளும் அவருக்குச் சந்தேகம்தான். இங்கிலாந்தில் ஒரு தடவை அதேபோல் என்னை நிறுத்தினார்கள். நிறுத்திய போலீஸ் அம்மா கையில் டார்ச் மட்டும் இருந்தது. 1829-இல் லண்டன் போலீஸைத் தொடங்கிய ராபர்ட் பீல், இது ராணுவம்போலத் தெரியக் கூடாது என்று தடியை மட்டும் கொடுத்தார். இன்றும் இங்கே பெரும்பாலான போலீஸார் துப்பாக்கி இல்லாமல்தான் ரோந்து போகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம் இதில் எனக்கு ஆச்சரியம். ‘வீடே ஒருவனுக்குக் கோட்டை’ என்ற கொள்கை 1604-இல் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் வந்தது. அந்தக் கோட்டைக்குள் துப்பாக்கி வைப்பதை இங்கிலாந்துக்காரர்கள் விட்டுவிட்டார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள்.

சரி, அப்படியானால் இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது, மாற்றவே முடியாதா? அந்தப் பேச்சைத்தான் நான் கொஞ்சமும் ஏற்பதில்லை. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அந்த மாதத்தில் அங்கே பூத்திருந்த ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூவின் பேரில் பெற்றோர்களும் அவர்களுடைய நண்பர்களும் 7 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கி தடையானது. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். பண்ணைகளும் வேட்டையும் நிறைந்த நாடு அது, துப்பாக்கிப் பிரியர்களுக்குக் குறைவில்லை. பிரதமர் ஜான் ஹோவார்டு பழமைவாதக் கட்சிக்காரர், கோபத்திலிருந்த சொந்த ஆதரவாளர்கள் முன்னால் குண்டு துளைக்காத உடை போட்டுக்கொண்டு பேச வேண்டியிருந்தது. பின்வாங்கவில்லை. சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்து வாங்கி அழித்தது. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சாவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தற்காப்புக்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதை லைசென்ஸுக்கான காரணமாக அங்கே ஏற்பதில்லை, மக்களும் அதோடு வாழப் பழகிவிட்டார்கள். சட்டம் முதலில் மாறியது, மனம் பின்னால் வந்தது.

அமெரிக்காவில் அந்த வாசல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன ஒரு பையன் தெருப் பெயர் குழம்பி வேறு வீட்டு மணியை அடித்தான், சுடப்பட்டான். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். அவனுக்கும் வயது 16. இரண்டே நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தில், தவறான வீட்டு வளாகத்துக்குள் திரும்பிவிட்ட காரில் இருந்த 20 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நித்தமும் பயந்து சாக வேண்டியதில்லை. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நான் துப்பாக்கிச் சத்தம் நேரில் கேட்டதில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். செய்தியில் வரும் கூட்டக் கொலைகள் அந்தத் தொகையில் சிறு பங்குதான். ஆனால் பயம் வேறு வழியில் வீட்டுக்குள் வரும். என் மகளுக்கு ஆறு வயதில், நடந்தால் மினுக்கும் விளக்கு வைத்த ஷூ வாங்கி வந்தேன். அதற்கு முன்னால் அவளே கேட்டதுதான். பள்ளிக்குப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “லைட்டை அணைச்சிட்டு சுவர் ஓரமா உட்காரும்போது இது காட்டிக் கொடுத்துடும் அப்பா” என்றாள். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் ஒளிந்துகொள்ளப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியைத்தான் சொன்னாள். அழவில்லை, மழைக்குக் குடை வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். அந்த ஷூ பெட்டியிலிருந்து வெளியே வரவே இல்லை. நாங்கள் அங்கிருந்து கிளம்பியதற்கு வேலை ஒரு காரணம், அந்த ஷூ இன்னொரு காரணம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போலீஸ் வண்டியை நிறுத்தினால் கேட்கும் வரை எதையும் எடுக்காதீர்கள், கை ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். தெரியாத வீட்டு மணியை அடிக்கும் முன் எண்ணையும் தெருப் பெயரையும் இரண்டு தடவை பாருங்கள், பதின்வயதுப் பிள்ளை இருந்தால் அதைச் சொல்லியே வளருங்கள். பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். என் மகளின் தோழியின் அம்மா முதல் தடவை என்னிடம் போனில் இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது, நம்மைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கோபம்கூட வந்தது. வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்ட அதே மூச்சில் அவர் இதையும் கேட்டார். அப்புறம் நானும் கேட்க ஆரம்பித்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும், “வாங்க, நீங்களே பாருங்க” என்று மாடிக்கு அழைத்துப் போய், சுவரில் பதித்த இரும்புப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, பூட்டியிருக்கிறதா என்று எனக்கு முன்னால் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார்.